கண்மாய்க் கரைக் குடிசையில் நான்கு இரவு: தங்கியவர்களும் தங்க நினைப்பவர்களும் பேசலாம்

கண்மாய்க்கரை | சனி, இரவு 9.40

தை பிறந்த கையோடு ஒரு கண்மாய்க் கரைக் குடிசையில் நான்கு இரவு தனியாகத் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். அழகர்மலையின் வடக்குப் பக்கம், நத்தம் சாலையை விட்டு உள்ளே இறங்க வேண்டும். கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் வண்டிப் பாதை. பைக்கை ஊருக்குள் ஒரு வீட்டுத் தொழுவத்தில் போட்டுவிட்டு அரிசி, பருப்பு, போர்வை, டார்ச், கொசுவலை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடந்தேன். கரண்ட் இல்லை, குழாய் இல்லை. கரை மேல் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதற்கு அடியில் நின்றால் மட்டும் செல்போனில் ஒரு கோடு தெரியும்.

குடிசை என் நண்பனின் தாய்மாமனுடையது, அவருடைய பட்டா நிலத்தில் இருக்கிறது. நெல் கதிர் பிடிக்கும்போது காட்டுப்பன்றி இறங்கி உழப்பிவிடும் என்று காவல் இருக்கக் கட்டியது. மண் சுவர், பனை ஓலைக் கூரை, குனிந்துதான் உள்ளே போக முடியும், தரை சாணம் போட்டு மெழுகியது. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு மண்பானையும், வாசலில் மூன்று கல் அடுப்பு. வயலைத் தாண்டிக் கரை ஏறினால் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை. வேறொன்றும் கிடையாது.

நான் மதுரையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினாறு வருடமாகக் காலை எட்டரை முதல் இரவு ஒன்பது வரை கீழமாசி வீதி இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நாளாவது சத்தம் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் போனேன். முதல் ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சத்தம். வக்கா என்கிற இராக்கொக்குக் கூட்டம் குவாக் குவாக் என்று தலைக்கு மேல் போகிறது. எதையோ பார்த்துவிட்டு ஆட்காட்டி கத்துகிறது, அது ஓய்ந்தால் தவளை, நடுவில் மீன் துள்ளி விழுகிற சத்தம், மலைப்பக்கம் நரி. மூன்று மணி வாக்கில் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கூரை ஓலையிலிருந்து பனி சொட்டுவதை எண்ணிக்கொண்டே விடிய வைத்தேன்.

விடிந்ததும் பார்த்தேன். கண்மாய்க்குள், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் குமிழி மடையின் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன, குறுக்கே கல் பலகை. ஒரு தூணின் மேல் நீர்க்காகம் இறகை விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு இருந்தது. தூணில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடு கோடாகக் கறை. நீர்பாய்ச்சி வேலை பார்க்கும் பெரியவர் வந்தார், எழுபதைத் தாண்டியவர். "தம்பி, அந்த மேல்கல்லு முங்குச்சுன்னா கலுங்குல மறுகால் போயிரும். இந்தா இந்தக் கறை இருக்கு பாரு, இது போன வருசத்துத் தண்ணி, அதுக்குக் கீழ இருக்கிறது பஞ்ச வருசத்துத் தண்ணி" என்று கைத்தடியால் காட்டிக்கொண்டே போனார். கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிவதைத்தான் மறுகால் என்கிறார்கள். நான் எழுதுகிற பேரேட்டைப் போல அந்தத் தூணை அவர் வாசித்தார். நான்கு நாளும் காலையில் அவர் வரும் நேரத்துக்குக் கரையில் போய் நின்றுகொண்டேன்.

இப்படித் தண்ணீர் ஓரமாக, காட்டுப் பக்கமாக, வசதி இல்லாத இடத்தில் தங்கிய வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். எங்கே, எந்த மாதம், என்ன கொண்டு போனீர்கள், எதில் தவறினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.


டவுன்ஹால்ரோடு | சனி, இரவு 10.15

அண்ணே, படித்ததும் கிளம்பிவிடலாம் போல இருக்கிறது. ஊர் பெயரும் மேப் லொகேஷனும் போடுங்கள். நாங்கள் ஆறு பேர், அடுத்த சனி ஞாயிறு வரலாம் என்று இருக்கிறோம். கண்மாயில் மீன் பிடித்து அங்கேயே சுட்டுச் சாப்பிடலாமா? ஸ்பீக்கர் கொண்டுவந்தால் ஊர்க்காரர்கள் ஏதாவது சொல்வார்களா? வாடகை எவ்வளவு?


கண்மாய்க்கரை | சனி, இரவு 11.05

தம்பி, ஊர் பெயர் போட மாட்டேன், வருத்தப்படாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் அங்கே குடித்தது கண்மாய்த் தண்ணீர் இல்லை. கரைக்குக் கீழே ஓடையில் மணலைத் தோண்டி ஊற்று வைத்திருக்கிறார்கள். நண்பனின் அத்தை இரண்டாம் நாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முழங்கால் ஆழக் குழி, அடியில் இரண்டு கை அள்ளும் அளவு தண்ணீர். அவர் முதலில் மேலே மிதந்த புங்க இலையை எடுத்துப் போட்டார், அப்புறம் ஒரு சிரட்டை மொண்டு வெளியே ஊற்றினார், கொஞ்சம் காத்திருந்தார். கலங்கல் அடங்கிய பிறகுதான் குடத்துக்குள் முதல் சிரட்டை விழுந்தது. நாலைந்து சிரட்டை எடுத்தால் ஊற்று வற்றிவிடும், மறுபடி சுரக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆனது. அந்தக் குடத்தில் பாதியை எனக்கு ஊற்றிவிட்டுப் போனார். பணம் கொடுக்கக் கை நீட்டினேன், "தண்ணிக்குக் காசா?" என்று கேட்டார், கோபமாகவே கேட்டார்.

ஆறு பேர் போனால் அந்த ஊற்று எப்படித் தாங்கும்? இழையைப் படித்துவிட்டு அறுபது பேர் போனால்? அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த ஊரில், உங்களைத் தெரிந்த ஒருவர் இருக்கிற கரைக்குப் போங்கள். மதுரையைச் சுற்றி கண்மாய்க்குப் பஞ்சமே இல்லை. வாடகைக்குக் கிடைக்கிற இடம் வேறு, இது வேறு. ஸ்பீக்கர் மட்டும் எந்தக் கண்மாய்க்கும் கொண்டு போகாதீர்கள் தம்பி, கேட்டுக்கொள்கிறேன்.


மேலூரான் | ஞாயிறு, காலை 6.50

அண்ணன் சரியாகச் சொன்னார். மீன் பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலான கண்மாய்களில் மீன் பாசி ஏலம் விடுவார்கள், குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்துக்கொண்டு இருப்பார். தூண்டிலோடு போய் உட்கார்ந்தால் அது திருட்டு. மீன் பிடிக்க ஆசை இருந்தால் கோடையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா வைக்கும்போது வாருங்கள். எங்கள் பக்கமும் சிங்கம்புணரிப் பக்கமும் இது ரொம்பப் பிரசித்தம். விடியக்காலையில் சுற்றுவட்டாரமே கரையில் நிற்கும், சாமி கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளை வீசுவார், அந்தத் துண்டு இறங்கியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் இருப்பதோடு அத்தனை பேரும் இறங்குவார்கள். வெளியூர்க்காரர்களையும் விரட்ட மாட்டார்கள். கிடைத்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். எங்கள் அப்பத்தா அயிரைக்குக் குழம்பு கூட்டும் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், பாம்பு விஷயம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் நான்கும் நம் பக்கம் உண்டு. குடிசையில் தங்குகிறவர் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்குத்தான். அது ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருக்கும் ஆளைத் தூக்கத்தில் கடித்துவிடும். வலி தெரியாது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். விடியக்காலையில் வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்று எழுந்திருப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்துச் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு இருந்தார். அவருடைய மனைவி முகத்தைப் பார்த்துப் பதறிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால் பிழைத்தார்.

ஆகவே தரையில் படுக்காதீர்கள். கட்டில், அதன்மேல் கொசுவலை, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருக வேண்டும். இரவில் கால் கீழே வைக்கும் முன் டார்ச் அடியுங்கள், செருப்பைத் தட்டிப் போடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108 கூப்பிட்டு, விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். அதனால்தான் சிக்னல் கிடைக்கும் மரம் எது என்று முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் அதை ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறார், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. தண்ணீரில் நெளிந்து போகும் தண்ணிப் பாம்புக்கு விஷம் இல்லை, அதைப் பார்த்துக் கல் எறியாதீர்கள், பாவம்.

குளிப்பதும் அப்படித்தான். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். மடை திறந்திருக்கும்போது மடை வாய்க்குப் பக்கத்தில் போனால் இழுத்துவிடும். கோடையில் கரம்பை மண் அள்ளிய குழிகள் தண்ணீர் நிறைந்த பிறகு தெரியாது, இடுப்பளவு என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆளை மூழ்கடிக்கும் பள்ளம். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள்.


தாழைக்கோழி | ஞாயிறு, காலை 8.30

நான் பள்ளிக்கூட ஆசிரியை, விடுமுறையில் பறவை பார்க்கப் போகிற பழக்கம். வேட்டங்குடிக்குப் பக்கத்தில் என் சித்தி வீடு இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் அங்கே தங்கிவிடுவேன். சிவகங்கை மாவட்டம், மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள், மொத்தமே 38 ஹெக்டேர், மூன்று கண்மாய். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், கொக்கு, வக்கா எல்லாம் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருக்கும். அந்தக் கரையை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எங்களுக்கு மத்தாப்பு போதும் டீச்சர் என்பார்கள். ஸ்பீக்கர் கேட்ட தம்பிக்கு இதைச் சொல்ல நினைத்தேன்.

பெண்கள் தனியாகத் தங்கலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். நான் மூன்று முறை தங்கியிருக்கிறேன். தனியாகக் குடிசையில் இருந்தாலும், தோட்டத்துக்காரர் குடும்பம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்வேன். ஒரு தடவை அப்படி இல்லாத இடத்துக்குப் போனேன், விளம்பரத்தில் ஏரிக்கரைத் தங்குமிடம் என்று போட்டிருந்தது, காவலுக்கு ஆள் உண்டு என்று போனில் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை, கதவுக்கு உள் தாழ்ப்பாளும் இல்லை. கட்டிலை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். அதிலிருந்து இரண்டு விஷயம் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை: உள் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது, ராத்திரி கூப்பிட்டால் வருகிற ஆள் எந்த வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டுப் பெண்ணிடம் நானே போனில் பேசிவிடுவேன்.

அப்புறம் இரவில் வெள்ளை டார்ச்சை மரங்கள் மேல் அடிக்காதீர்கள். பறவை கூட்டை விட்டு எழுந்து போனால் குஞ்சு பனியில் விறைத்துவிடும். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். நத்தம், அய்யலூர்ப் பக்கம் தேவாங்கு உண்டு, சிவப்பு ஒளியில் அதன் கண் இரண்டு தணல் மாதிரி தெரியும். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 2022இல் தேவாங்குக்கு என்றே 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். நான் பார்த்தது ஒரே தடவைதான், ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அது எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அசையாமல் நின்றிருந்தேன்.


பூம்பாறைப் பயணி | ஞாயிறு, பகல் 1.20

நான் சொல்வது மலை மேல் உள்ள ஏரி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டிப் போனால் கூக்கால், மன்னவனூர் இரண்டு இடத்திலும் ஏரி இருக்கிறது. மலைப்பூண்டு போடுகிற படிக்கட்டு வயல், சுற்றிலும் சோலைக்காடு. பேரிஜம் இன்னும் அழகு, ஆனால் அது வனத்துறை அனுமதியோடு பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய இடம், பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிற ஏரி.

மார்கழியில் கூக்கால் ஏரிக்கு மேலே ஒரு மர வீட்டில் நாங்கள் நான்கு பேர் தங்கினோம். மதுரைக்காரர்கள் குளிரை நம்பவே மாட்டோம், ஒரு ஸ்வெட்டர் போதும் என்று போய்விட்டோம். ராத்திரி பல் கிட்டிப் போனது. வீட்டுக்காரர் வெளியே குளிர் காயத் தகரச் சட்டியில் கரி போட்டுக் கொடுத்திருந்தார். பதினோரு மணிக்கு என் மச்சினன் அதை அப்படியே தூக்கி அறைக்குள் வைத்துவிட்டான், புகை இல்லை, வெறும் கங்குதானே என்று. ஜன்னல் எல்லாம் குளிருக்குத் துணி வைத்து அடைத்திருந்தோம். ஒரு மணி வாக்கில் எனக்கு மூத்திரம் முட்டி எழுந்தேன், எழுந்தவுடன் தலை சுற்றிச் சுவரில் மோதினேன், நெற்றி விண் விண் என்று தெறிக்கிறது. மச்சினனை எழுப்பினால் எழவில்லை. எப்படியோ கதவைத் திறந்து மூன்று பேரையும் வாசலுக்கு இழுத்துப் போட்டேன். ஒருவன் வாந்தி எடுத்தான். வெளிக்காற்று பட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் மச்சினன் பேசினான்.

கங்கில் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசம் இல்லை, புகை மாதிரி இருமல் வராது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலில் இப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். கரிச் சட்டி, விறகு, கேஸ் ஸ்டவ் எதுவானாலும் கதவு சாத்திய அறைக்குள் வைக்காதீர்கள். குளிருக்குக் கம்பளி, காலுக்குச் சாக்ஸ், தலைக்குக் குல்லா, சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

காட்டுமாடு ராத்திரியில் வாசல் வரைக்கும் வந்து மேயும். சாதுவாகத்தான் தெரியும், கிட்டத்தில் போய்ப் படம் எடுக்கப் போனால் முட்டித் தூக்கிவிடும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.


கூடலூர்க்காரன் | ஞாயிறு, மாலை 5.45

தேனி மாவட்டத்துக் கூடலூர். தேக்கடி ஏரிக்குள் கேரள வனத்துறையின் காவல் கோபுரத்தில் ஒரு இரவு இருந்திருக்கிறேன், சுற்றிலும் யானை அகழி, ஒரு வனக்காவலர் கூடவே இருப்பார். ஏரிக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் கருப்புக் கருப்பாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். 1895இல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காடு அது. நூற்று முப்பது வருடமாகத் தண்ணீருக்குள் நிற்கிறது, ஒவ்வொரு கட்டையின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம்.

விடியக்காலை நான்கரைக்கு வனக்காவலர் தோளைத் தொட்டு எழுப்பினார், பேசக் கூடாது என்று கையைக் காட்டினார். மூடுபனிக்குள் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்கிறது. உருவமே தெரியவில்லை, உறிஞ்சி வாய்க்குள் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்கிறது. பனி விலகும்போது கரையில் தடம்தான் இருந்தது, ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் ஊறி நின்றது.

மதுரைக்காரர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த யானை குடித்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்கி, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து உங்கள் கண்மாய்க்குள்தான் விழுகிறது. மேலூரான் தம்பி குளிக்கிற படித்துறை வரைக்கும் அதே தண்ணீர்.


மேலூரான் | ஞாயிறு, இரவு 7.10

ஆமாம் அண்ணே, எங்கள் கண்மாய் பெரியாற்றுக் கால்வாயின் கடைமடைப் பக்கம், ஒரு போகம்தான். கால்வாயில் தண்ணீர் விட்டாச்சு என்று கேள்விப்பட்டால் எங்கள் அப்பா ராத்திரியோடு ராத்திரியாகச் சைக்கிளில் கால்வாய் ஓரமாகவே போய், தண்ணீர் எது வரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். தொட்டும் பார்ப்பார். யானை குடித்த தண்ணீர் என்று அவரிடம் இன்றைக்குப் போய்ச் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷப்படுவார்.


நத்தம்ரோடு | திங்கள், காலை 10.00

எனக்குக் கண்மாயை ஒட்டி ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. நான்கு குடில் போட்டு வாடகைக்கு விடலாம் என்று யோசனை. கரையைக் கொஞ்சம் அகலப்படுத்திக் கார் வருகிற மாதிரி செய்து, தண்ணீருக்குள் நான்கு கால் நட்டு உட்காரும் மேடை போட்டால் நன்றாக ஓடும் என்று ஒரு கட்டடக்காரர் சொல்கிறார். நல்லவிதமாகச் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன், உங்கள் கருத்து என்ன?


தாழைக்கோழி | திங்கள், மாலை 6.15

கேட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதுவே பெரிய விஷயம். கரையும் நீர்ப்பிடிப்பும் உங்களுடையது இல்லை. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடமும் அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தண்ணீருக்குள் ஒரு கால் நட்டாலும் ஆக்கிரமிப்புதான். முதலில் சர்வேயரை வைத்து எல்லைக் கல் பார்த்துவிடுங்கள். நிறைய பேருடைய வேலி கண்மாய்க்குள்தான் இருக்கிறது.

கக்கூஸ்தான் அடுத்த கவலை. நான்கு குடிலின் கழிவை உறிஞ்சு குழிக்குள் விட்டால் மழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது நேராகக் கண்மாய்க்கும் ஊற்றுக்கும் போய்ச் சேரும். தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மேடான பக்கம் வையுங்கள். சாம்பலும் மரத்தூளும் போடும் உலர் கழிப்பறை ஆனால் இன்னும் நல்லது. வெட்டவெளிக்குப் போகிறவர்களுக்கும் கணக்கு இருக்கிறது, தண்ணீரிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் குழி தோண்டி, முடித்ததும் மண்ணைப் போட்டு மூட வேண்டும். சோப்பு, ஷாம்பு ஓடைக்குள் போகக் கூடாது, வாளியில் எடுத்து வயல் பக்கம் நின்று குளிக்கச் சொல்லுங்கள்.


கண்மாய்க்கரை | திங்கள், இரவு 10.30

அண்ணே, நானும் ஒன்று சொல்கிறேன். நான்கு வேண்டாம், ஒன்று போடுங்கள். உங்கள் ஊர்க் கொத்தனாரை வைத்து மண் சுவரும் ஓலையுமாகவே போடுங்கள். எனக்கு அந்த நான்கு நாளில் கிடைத்தது குடிசையால் மட்டும் வந்தது இல்லை. நீர்பாய்ச்சிப் பெரியவர் காலையில் வந்து தூணைப் பார்த்ததும், அத்தை ஊற்றில் உட்கார்ந்திருந்ததும், சாயங்காலம் ஆடு பத்திக்கொண்டு வந்த பையன் கரை மேலிருக்கும் அய்யனாருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பத்தடியை வெறுங்காலோடு நடந்து போனதும் எல்லாம் சேர்ந்துதான். யாருமே இல்லாத காடு என்று நினைத்துத்தான் போனேன். அங்கே ஒவ்வொரு மரத்தையும் மடையையும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. காரும் மேடையும் வந்தால் பெரியவர் அந்தப் பக்கம் நடக்க மாட்டார். வருகிறவர்களுக்கு மலையும் தண்ணீரும் தெரியும், ஊர் தெரியாது.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். ஏழு மலை, 72 நீர்நிலை, 200 சுனை, 250 வகைப் பறவை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது, 2025 ஜனவரி 7ஆம் தேதி மதுரை வரைக்கும் வந்தார்கள், அதே மாதம் ரத்தானது. அன்றைக்குத் தல்லாகுளம் பக்கம் வேலையாகப் போயிருந்தேன், வயதான அம்மாக்கள் வரிசை வரிசையாக நடந்து வருகிறார்கள், ஒருவர் கையில் தூக்குவாளி. எங்கே தாயி போறீங்க என்று கேட்டேன். "எங்க கம்மாயக் கேக்கப் போறோம்" என்றார்.


மேலூரான் | திங்கள், இரவு 11.00

எங்கள் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார் அண்ணே.


டவுன்ஹால்ரோடு | செவ்வாய், இரவு 8.20

முதலில் நான் கேட்டது எனக்கே சரியாகப் படவில்லை. ஆறு பேர் வேண்டாம், நானும் என் தம்பியும் மட்டும் போகிறோம், திருமங்கலம் பக்கம் என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஊரில் கண்மாய் இருக்கிறது. சின்ன வயதில் போனது. மாமாவுக்குப் போன் போட்டேன், தோப்பில் மோட்டார் ரூம் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறேன் வாங்கடா என்றார். தண்ணீர் என்ன செய்வது, கொசுவுக்கு என்ன செய்வது?


கண்மாய்க்கரை | செவ்வாய், இரவு 9.15

ரொம்பச் சந்தோஷம் தம்பி. குடிக்கப் பத்து லிட்டர் கேன் ஒன்று கொண்டு போங்கள், தீர்ந்தால் ஊற்றுத் தண்ணீரையோ மோட்டார் தண்ணீரையோ கொதிக்க வைத்துக் குடியுங்கள். கலங்கலாக இருந்தால் தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் உரசிவிட்டு ராத்திரி வையுங்கள், காலையில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும், அதை இறுத்துக் கொதிக்க வைக்க வேண்டும். தெளிந்துவிட்டது என்று அப்படியே குடிக்காதீர்கள், கிருமி அதில் போகாது. கொசுவுக்கு வெளியே நொச்சித் தழையைக் கங்கில் போட்டுப் புகை விடுங்கள், படுக்கையில் வலை. அரிசி பருப்பை மூடி போட்ட தூக்கில் வையுங்கள், இல்லாவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னாலேயே மேலூரான் சொன்ன ஆள் வருவார்.

கொண்டு போகிற பாலிதீனை எண்ணிக் கொண்டு போய் எண்ணிக் கொண்டு வாருங்கள். மாமாவுக்கு வெற்றிலை பாக்கும் ஊரில் கிடைக்காத நல்ல மிக்சரும் வாங்கிக்கொள்ளுங்கள்.


டவுன்ஹால்ரோடு | இருபது நாள் கழித்து, ஞாயிறு இரவு 10.40

போய்விட்டு வந்தோம். இரண்டு இரவு. முதல் நாள் நானும் தம்பியும் பேசிக்கொண்டே இருந்தோம், இரண்டாம் நாள் பேச்சே இல்லை. மாமா சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். தாத்தா இந்த மடையில்தான் காவல் இருந்தார் என்றார், எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. மடைக்கல்லில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு இடம் வழுவழுப்பாக இருக்கிறது. கை வைத்துப் பார்த்தேன், வெயில் போன பிறகும் கதகதப்பாக இருந்தது. தம்பியும் வைத்துப் பார்த்தான். மாசி மகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கடா என்று மாமா சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, கரை ஏற முடியாது, வண்டி எது வரைக்கும் போகும் என்று கேட்டு வைத்திருக்கிறோம்.